கடைமடை பெஞ்ச்

ஜூன் பன்னிரண்டில் மேட்டூரைத் திறந்தால்
தலைஞாயிறுக்குத் தண்ணீர் வர ஜூலை ஆகிவிடும்.
ஜெசிந்தா டீச்சர் கரும்பலகையில்
திறந்துவிடும் கணக்கும் அப்படித்தான்.
முதல் பெஞ்சில் நஸ்ரின்
நட்டு முடித்துக் களையெடுத்துக்கொண்டிருப்பாள்.
ஐந்தாவது பெஞ்சில் எனக்கு
ஈரம்கூட எட்டியிருக்காது.

"புரிஞ்சுதா?" என்பார்.
புரிஞ்சுது டீச்சர் என்று
மொத்த வகுப்போடு சேர்ந்து நானும்.
ஏழு மாதமாக இந்தப் பொய்,
ராகத்தோடு.

பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்று நான்கு எனக்கு.
அதை நம்பித்தான் இந்த குரூப்.
அதை நம்பித்தான் அப்பா
உரக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார்,
பாப்பா இன்ஜினியரிங் என்று.

கலப்பெண்ணுக்கு மெய்ப்பகுதி ஒன்று,
கற்பனைப் பகுதி ஒன்று.
என் மெய்ப்பகுதி
அரையாண்டில் தொண்ணூறுக்கு இருபத்தேழு.
கற்பனைப் பகுதியில்
கோயம்புத்தூரில் ஒரு விடுதி,
ஜன்னலோரக் கட்டில்,
கழுத்தில் தொங்கும் அட்டையில்
சிரிக்காத என் படம்.

தை பிறந்து நாலாம் நாள்
டீச்சர் ஒரு நோட்டைச் சுற்றவிட்டார்.
பெயர். சேர விரும்பும் படிப்பு. எதிர்பார்க்கும் கட்ஆஃப்.
முதல் கட்டத்தில் தையல்நாயகி என்று
இடம் போதாமல் நெருக்கி எழுதினேன்.
இரண்டாவதில் எலெக்ட்ரானிக்ஸ்.
நஸ்ரின் எழுதியிருந்தாள், அதனால்.
மூன்றாவதில் பேனாவை வைத்தேன், எடுத்தேன்.
ஒரு புள்ளி விழுந்திருந்தது.
முற்றுப்புள்ளியா தசமப்புள்ளியா
எனக்கே தெரியாது.
அப்படியே பின்னால் நீட்டிவிட்டேன்.

அன்று ராத்திரி
கரண்ட் இருந்தது, கொசு இருந்தது,
கொள்முதல் நிலைய வாசலில் நெல்லுக்குக் காவலாக
அப்பா படுத்திருந்தார்.
வகைக்கெழுச் சமன்பாடுகள்.
ஒரு தொட்டியில் உப்புக் கரைசல்.
நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் நல்ல தண்ணீர் உள்ளே வருகிறது,
கலந்த தண்ணீர் அதே வேகத்தில் வெளியே போகிறது.
எந்த நேரத்திலும் உப்பின் அளவைக் காண்க.

இதை நான் பார்த்திருக்கிறேனே!

ஐந்தாவது படிக்கையில் அடித்த புயலில்
மாமா வயலுக்குள் கடல் ஏறி
மூன்று நாள் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனது.
அதற்கப்புறம்
மழைத்தண்ணீரைக் கட்டுவார், வடிப்பார்,
கட்டுவார், வடிப்பார்.
ஒரு கிள்ளு மண்ணை நாக்கில் வைத்துத் துப்புவார்.
போயிருச்சா என்பாள் அத்தை.
கொறஞ்சிருக்கு.
அடுத்த வருஷமும் அதே கேள்வி,
அதே கொறஞ்சிருக்கு.

வருவதில் போவதைக் கழி.
மூன்று தடவை அடித்தேன்.
ஒரு தடவை குறி தப்பு. ஒரு தடவை மாறிலியை மறந்தேன்.
இன்னொரு தடவை எது தப்பென்றே தெரியவில்லை.
இருக்கிற உப்பில் ஒரு பங்குதான் போகிறது,
குறையக் குறையப் போவதும் குறைகிறது...
அடச்சே, அதனால்தான்
மாமாவுக்கு அவ்வளவு நாள்.

பதினொன்றரைக்கு விடை.
புத்தகத்தின் பின்பக்கம் புரட்டினேன். அதே.
வரைபடம் போட்டுப் பார்த்தேன்,
யாரும் போடச் சொல்லவில்லை.
கோடு சரிந்து இறங்கி
தரையை ஒட்டிப் படுத்துக்கொண்டு
போய்க்கொண்டே இருக்கிறது.
தொடுவதில்லை.
எத்தனை மழை வந்தாலும்
உப்பு பூஜ்யம் ஆகாது.

மாமாவுக்கு இதைப் போனில் சொல்லலாமா என்று யோசித்தேன்.
அவர் மூன்றாம் வருஷமே நட்டுவிட்டவர்.
அந்தப் போகம் பாதி பதர்.
மீதியைத்தான் வீட்டில் பொங்கினார்கள்.

அடுத்த கணக்கு எனக்கு வரவில்லை.
அதற்கடுத்ததும்.

காலையில் டீச்சர் வேறொரு சமன்பாட்டை
இடமிருந்து வலம் ஓடவிட்டு
கையில் சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டு திரும்பினார்.
"புரிஞ்சுதா?"
எல்லோரும் ராகம் போட்டு முடித்தபின்
"இல்ல டீச்சர்"
என்றது என் குரல், கொஞ்சம் கரகரப்பாக.
நஸ்ரின் திரும்பிப் பார்த்தாள்.
அவள் பக்கத்தில் இருந்தவளும்.

"எந்த எடத்துல?"

"மூணாவது வரிக்கும் நாலாவது வரிக்கும் நடுவுல."

டீச்சர் பலகையைப் பார்த்தார்.
மணியடிக்க நாலு நிமிஷம் இருந்தது.
டஸ்டரை எடுத்தார்.